பாய்ப்படகின் கீல் போல்ட்டில் துரு கண்டால்

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொச்சியில் ஒருவரிடமிருந்து பழைய 22 அடி ஃபைபர் பாய்ப்படகு வாங்கியிருக்கிறீர்கள். படகுக்கு வயது முப்பதுக்கு மேல். அடியில் ஏறக்குறைய 500 கிலோ வார்ப்பிரும்புக் கீல், அதாவது படகை நிமிர்த்தி வைக்கும் எடைக்கட்டி. அதைப் பிடித்திருப்பது 16 மில்லி எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் ஆறு. தேங்காப்பட்டணத்தில் கட்டியிருக்கிறீர்கள். போன மாதம் உள்ளே வரும்போது முகத்துவாரத்து மணல்திட்டில் கீல் ஒருமுறை தட்டியது. அதற்குப் பிறகு படகின் அடிக்குழியில் துருநிறத் தண்ணீர் ஊறுகிறது, ஒரு நட்டைச் சுற்றிப் பழுப்பு படிந்திருக்கிறது. ஃபைபர் வேலை செய்யும் மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "நட்டும் போல்ட் நுனியும் பளபளன்னுதான் இருக்கு, நல்லா முறுக்கிட்டு மேலே ரெண்டு கோட்டு ஃபைபர் போட்டு மூடிடலாம்" என்றிருக்கிறார். மூடலாமா என்பது உங்கள் கேள்வி.

மூடாதீர்கள். முறுக்கவும் வேண்டாம். படகைக் கரையேற்றி ஒரு போல்ட்டையாவது வெளியே உருவிப் பார்க்கும் வரைக்கும் அந்தப் படகோடு கடலுக்குப் போகாதீர்கள்.

மேஸ்திரியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் வள்ளம் பார்த்துப் பழகியவர். நம் வள்ளத்தில் ஏரா, அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டை, முதுகெலும்பு. அதன்மேல்தான் வங்கும் (விலா எலும்பு மாதிரியான சட்டம்) பலகையும் ஏறுகின்றன, அது கழன்று விழ வழியே இல்லை. கட்டுமரத்துக்கு அதுகூடக் கிடையாது. கவிழ்ந்தாலும் மிதக்கும், நாலு பேர் சேர்ந்தால் நிமிர்த்திவிடலாம். பாய்ப்படகின் கீல் வேறு சாதி. அது படகோடு சேர்ந்து வளர்ந்த உறுப்பு இல்லை, கீழே தொங்கவிட்ட எடை. காற்று பாயைச் சாய்க்கும்போது படகைத் திரும்ப நிமிர்த்துவது அந்த எடைதான். அது போனால் அடுத்த காற்றில் படகு குப்புறக் கவிழும். உள்ளே இருப்பவருக்கு லைஃப் ஜாக்கெட்டை எட்டி எடுக்கக்கூட நேரம் இருக்காது.

நான் குளச்சல் பக்கம் பிறந்து, அப்பாவோடு விசைப்படகு அடிவேலை செய்து வளர்ந்தவன். பிறகு துபாயில் யாட் பழுதுபார்க்கும் பட்டறையில் 11 வருஷம் வேலை பார்த்தேன். கீல் போல்ட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் பட்டறை. அங்கே நான் முதன்முதலில் உருவிய போல்ட் இன்னும் கண்முன் நிற்கிறது. மேலே மரை புதுசு போல இருந்தது. கீழே தலையும் பழுதில்லை. நடுவில் இரண்டு விரல் நீளத்துக்கு எலி கடித்த கரும்பு மாதிரி இருந்தது. அந்த இடத்தை விரலால் தடவியபோது கருப்பாகச் சேறு ஒட்டியது. 20 மில்லி போல்ட்டில் அங்கே மிஞ்சியிருந்தது 11 மில்லி. அந்தப் படகு அதற்கு முந்தின வாரம் வரைக்கும் ஒரு குடும்பத்தோடு கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

ஏன் நடுவில் மட்டும் அரிக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். எஸ்.எஸ். துருப்பிடிக்காது என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அதைக் காப்பது அதில் கலந்திருக்கும் குரோமியம். காற்றிலோ தண்ணீரிலோ உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அது உலோகத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைக் கட்டிக்கொள்ளும். கீறினால் மறுபடி வளரும். வளர ஆக்சிஜன் வேண்டும். கீலும் படகின் அடியும் சேரும் மூட்டில் பசை கொஞ்சம் விட்டுப்போனால் உப்புத் தண்ணீர் உள்ளே கசியும். அது அலைபோல் வந்து போகிற தண்ணீர் இல்லை, உள்ளேயே தேங்கி நிற்கிற தண்ணீர். அதில் இருந்த ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். தோல் கிழிந்தால் திரும்ப வளராது. கிழிந்த இடத்தில் உப்பின் குளோரைடு சேர்ந்துகொண்டே போகும், அந்தச் சின்னக் குழிக்குள் அமிலம் உண்டாகும், குழி ஆழமாகும். மேலே நட்டு காற்றில் இருப்பதால் பளபளக்கிறது. கீழே மூட்டில் போல்ட் மெலிகிறது. மேஸ்திரி பார்த்த பளபளப்பு உண்மைதான். ஆனால் அது போல்ட்டின் உடல்நிலையைச் சொல்லாது.

நட்டுக்கு மேல் ஃபைபர் போட்டு மூடினால் என்ன ஆகும் என்பதும் இதிலேயே இருக்கிறது. இதுவரை காற்று பட்டுக்கொண்டிருந்த நட்டுக்கும் ஆக்சிஜன் கிடைக்காது. கீழேயிருந்து ஏறும் உப்புத் தண்ணீர் ஃபைபருக்கடியில் சிறைப்படும். நடுவில் மட்டும் நடந்துகொண்டிருந்த அரிப்பு மேலேயும் தொடங்கும். அதோடு, கசிவு என்று உங்களுக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கையும் மறைந்துபோகும்.

அரிப்பின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 16 மில்லி போல்ட் 12 மில்லியாக மெலிந்தால் கால்பங்குதானே போச்சு என்று தோன்றும். பலம் விட்டத்தைப் பார்த்து வருவதில்லை, குறுக்குவெட்டுப் பரப்பைப் பார்த்து வருகிறது. 16-க்கு 201 சதுர மில்லி, 12-க்கு 113. பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிச்சம். 8 மில்லி ஆகிவிட்டால் கால்வாசிதான்.

இதில் நம்மை ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. உங்கள் 500 கிலோ கீலின் எடைமையம் மூட்டுக்கு 60 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படகு முழுக்கப் பக்கவாட்டில் சாய்ந்தால் மூட்டை நெம்பும் விசை 300 கிலோ-மீட்டர். மூட்டின் அகலம் 16 சென்டிமீட்டர், போல்ட்கள் நடுக்கோட்டில் என்றால் நெம்புகோலின் அந்தப் பக்கம் 8 சென்டிமீட்டர்தான். 300-ஐ 0.08-ஆல் வகுத்தால் 3750 கிலோ. ஆறு போல்ட் பகிர்ந்தால் ஒன்றுக்கு 625 கிலோ. நல்ல 16 மில்லி ஏ4-70 (கடலுக்கு ஏற்ற எஸ்.எஸ். ரகம்) போல்ட் நீளத் தொடங்குவதற்கே 7000 கிலோ வேண்டும். ஆக, படகு கட்டியவர் பத்து மடங்குக்கு மேல் கையிருப்பு வைத்திருக்கிறார். அது தாராளத்தால் வைத்தது இல்லை. அலையில் படகு விழுந்து எழும் அடி, மணலில் தட்டும் அடி, லட்சக்கணக்கான முறை இப்படியும் அப்படியும் ஆடுவதில் வரும் களைப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அது. அந்தக் கையிருப்பு இருப்பதால்தான் நாலு போல்ட் செத்த பிறகும் படகு ஒன்றும் தெரியாமல் ஓடும். "இத்தனை வருஷம் ஓடியது" என்பது இந்த விஷயத்தில் எதற்கும் சாட்சி இல்லை.

தட்டியதைச் சின்ன விஷயமாக எழுதியிருந்தீர்கள். அதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2014 மே மாதம் சீக்கி ராஃபிகி என்ற 40 அடிப் பாய்ப்படகு ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில் அட்லாண்டிக்கில் கீலை இழந்து கவிழ்ந்தது. நாலு பேர் உயிரிழந்தார்கள். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு அதை ஆராய்ந்து, முன்பு பலமுறை தரைதட்டியதும் அதற்குப் பிறகு செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து கீல் பிடித்திருந்த இடத்தைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று எழுதியது. கீல் முன்னால் தட்டும்போது அதன் பின்முனை மேல்நோக்கிப் படகின் அடியில் குத்தும், முன்முனை கீழே இழுக்கும். அதனால் தரைதட்டிய படகில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு இடம். வெளியே, கீலின் முன்பக்கம் மூட்டில் வாய் திறந்த மாதிரி ஒரு விரிசல். உள்ளே, கடைசி போல்ட்டுக்குப் பின்னால் ஃபைபரில் குறுக்கு விரிசலோ, வெள்ளையாக வெளிறிய இடமோ. வங்குகளைப் போல அடியில் ஒட்டிய ஃபைபர் சட்டம் இருந்தால் அதன் ஓரம் எங்காவது பிரிந்திருக்கிறதா என்று சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டிய இடம் கணீரென்று கேட்கும், பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும்.

கரையேற்றுவதற்கு முன்னால் தண்ணீரில் இருக்கும்போதே செய்யக்கூடிய ஒரு சோதனை: அடிக்குழியை நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் ஒற்றி, ஒரு மணி நேரம் காய விடுங்கள். பிறகு ஒவ்வொரு நட்டைச் சுற்றியும் சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். எந்த நட்டடியில் முதலில் ஈரம் ஊறுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊறும் தண்ணீர் உப்பா என்று நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவ மழையும் பெய்கிறது. பாய்மரத்தடி வழியாக இறங்கிய மழைத்தண்ணீரைக் கீல் கசிவு என்று நினைத்துப் பயந்தவர்களும் உண்டு. தண்ணீரில் இருக்கும்போது எந்த நட்டையும் கழற்றவோ முறுக்கவோ கூடாது. மெலிந்த போல்ட் முறுக்கும்போது அறுந்துபோகும். அந்த ஓட்டை வழியே கடல் உள்ளே வரும்.

எப்போது கரையேற்றுவது? மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நேரத்தில் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் எங்கும் விசைப்படகுகள் மேலே ஏறிவிடும். வெல்டர், லேத், ஹைட்ரா (கிரேன்) எதுவும் கைக்குக் கிடைக்காது. கிழக்குப் பக்கம் சின்னமுட்டத்தில் தடை ஏப்ரல் 15-லேயே தொடங்குகிறது, ஜூன் 14 வரை. அதனால் நீங்கள் ஏப்ரலுக்குள் மேலே ஏற்றிவிடப் பாருங்கள். இன்னொன்று, ஆனி ஆடிக் கடலில் அந்த முகத்துவாரத்தில் இந்தப் படகோடு நுழைவதை நான் கனவிலும் நினைக்க மாட்டேன். தெற்கே துறைமுகம் மாற வேண்டும் என்றால் லாரியில் கொண்டுபோங்கள், கடல்வழி வேண்டாம்.

ஹைட்ரா படகைத் தூக்கும் அந்தப் பத்து நிமிஷம் ரொம்ப முக்கியம். அதை வீணாக்காதீர்கள். படகு கீலின்மேல் உட்கார்ந்திருக்கும்போது முழு எடையும் மூட்டை அமுக்கி மூடிவிடும், விரிசல் தெரியாது. பெல்ட்டில் தொங்கும்போது கீல் கீழே இழுக்கும், மூட்டு வாய் திறக்கும். முன்னும் பின்னும் நடுவிலுமாக மூட்டின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டு, தொங்கும்போதும் உட்கார்ந்த பிறகும் இடைவெளியை அளந்து பாருங்கள். ஒரு மில்லி வித்தியாசம் தெரிந்தாலும் போல்ட் இழுவையை இழந்துவிட்டது என்று அர்த்தம். மூட்டிலிருந்து துருத்தண்ணீர் எந்த இடத்தில் சொட்டுகிறது என்று பார்த்து அங்கேயும் ஒரு குறி. உள்ளே சாக்பீஸில் நனைந்த நட்டும் வெளியே சொட்டிய இடமும் நேராக வந்தால் முதலில் உருவ வேண்டிய போல்ட் அதுதான். அப்படி நேராக வராவிட்டால், அடிக்குழியில் ஆகத் தாழ்வான இடத்தில், தண்ணீர் எப்போதும் தேங்கும் போல்ட்டை எடுங்கள்.

உருவாமல் பார்க்க வழியில்லையா என்று கேட்பீர்கள். அல்ட்ராசோனிக் கருவி இருக்கிறது. போல்ட் நுனியை மட்டமாக அரத்தால் தேய்த்து, ஜெல் தடவி, கருவியை வைத்தால் ஒலி கீழே போய்த் திரும்பும். போல்ட்டின் முழு நீளம் 40 சென்டிமீட்டர் என்று தெரிந்து, ஒலி 18-லேயே திரும்பினால் அங்கே வெட்டோ விரிசலோ இருக்கிறது. தூத்துக்குடி, கொச்சி மாதிரி துறைமுக ஊர்களில் கப்பல் தகட்டின் கனம் அளப்பவர்களிடம் இது இருக்கும். ஆனால் படிப்படியாக மெலிந்த இடுப்பை அது தவறவிடலாம், படிப்பவரின் அனுபவத்தையும் பொறுத்தது. ஒரு போல்ட்டைக் கண்ணால் பார்த்த பிறகு, மற்றதை ஒப்பிட அதை வைத்துக்கொள்ளலாம். முதல் சோதனையாக நான் நம்ப மாட்டேன். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். எஸ்.எஸ்.-இல் 304 ரகத்துக்கும் 316 ரகத்துக்கும் வித்தியாசம் காந்தத்துக்குத் தெரியாது, இரண்டுமே பெரும்பாலும் ஒட்டாது. நம் மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரையில் காந்தத்தைக் கீழே போட்டால் கருமணல் தாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். எடுத்துப்போவதானால் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு எடுத்துப்போங்கள். அந்த மணல் மரைக்குள் போனால் நட்டு பிடித்துக்கொள்ளும்.

சரி, உருவுவது எப்படி? முதலில் பாய்மரக் கம்பிகளைத் தளர்த்துங்கள், இறுக்கமாக இருந்தால் படகின் உடலை அது வளைத்துக்கொண்டே இருக்கும். படகை நாலு பக்கமும் முட்டுக்கொடுத்து, கீலுக்கடியில் கட்டைகளின்மேல் உட்கார வையுங்கள். உங்கள் கீலில் போல்ட் எந்த வகை என்று பார்க்க வேண்டும். கீலின் அடிப்பக்கம் துளைத்து முழுக்கப் போய் அங்கே தலை இருக்கும் வகை ஒன்று. வார்ப்பிரும்பில் மரை வெட்டி மேலிருந்து திருகிய ஸ்டட் (தலையில்லாத போல்ட்) இன்னொன்று. ஈயக் கீலில் தூண்டில் மாதிரி வளைத்து வார்ப்பிலேயே புதைத்தது மூன்றாவது, அது உங்களுக்கு வராது. கீலின் அடியில் பழைய பெயின்டைச் சுரண்டினால் வட்டமாகப் புட்டி அடைத்த இடங்கள் தெரிந்தால் முதல் வகை. புட்டியை உளியால் எடுத்தால் தலை வரும்.

முதல் வகை என்றால் போல்ட் கீழ்நோக்கி இறங்க இடம் வேண்டும். சிமென்ட் தரையில் படகை உயரமாக ஏற்றி வைக்க வேண்டியிருக்கும், அது ஆபத்து. நம் ஊர் மணல்தரையில் அந்தப் போல்ட்டுக்கு நேர் கீழே மட்டும் ஒரு முழம் அகலத்துக்குக் குழி எடுத்தால் போதும். குழியின் ஓரம் சரியாதபடி பலகை வைத்துக்கொள்ளுங்கள், முட்டுக்கட்டை எதுவும் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு போல்ட்டுதான். மற்ற ஐந்தும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒரு வாரத்துக்கு முன்பே தினமும் நட்டடியில் டபிள்யூ.டி. 40 (பிடித்த மரையைத் தளர்த்தும் எண்ணெய்) அடித்து ஊற விடுங்கள். நட்டைக் கழற்றும்போது ஸ்பானரில் பைப் போட்டு ஒரே மூச்சாக இழுக்காமல், கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் முறுக்கி, மறுபடி தளர்த்தி எடுங்கள். எஸ்.எஸ். மரை சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் குணம் உள்ளது. நட்டு வந்த பிறகு, மரை நசுங்காமல் இருக்க ஒரு பழைய நட்டை நுனியோடு மட்டமாகத் திருகி, அதன்மேல் கனமான சுத்தியலால் நாலு அடி கொடுங்கள். சின்னச் சுத்தியலால் நூறு அடி அடித்தால் நுனி காளான் மாதிரி விரியும், போல்ட் அசையாது. தீ வைத்துச் சூடாக்க ஆசை வரும். இரும்புக் கீலின் அடியில் கொஞ்சம் காட்டலாம். மேலே ஃபைபர் பக்கம் கூடவே கூடாது, ரெசின் கருகிவிடும். ஈயக் கீல் வைத்திருப்பவர்கள் எங்கேயும் தீயே காட்டக் கூடாது, 327 டிகிரியில் ஈயம் உருகி ஓடும். ஸ்டட் வகை என்றால் இரண்டு நட்டை ஒன்றோடொன்று பூட்டித் திருகி எடுக்க வேண்டும். அறுந்தால், மிச்சத்தின்மேல் ஒரு நட்டை வெல்டு வைத்தால் அந்தச் சூடே பெரும்பாலும் மரையைத் தளர்த்திவிடும்.

போல்ட் வெளியே வந்ததும் துடைக்காதீர்கள். முதலில் போட்டோ. அப்புறம் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, ஆக மெலிந்த இடத்தில் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் குழிந்திருந்தால் திருப்பித் திருப்பி ஆகக் குறைந்த அளவைப் பிடியுங்கள். என் கணக்கு இது: விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு போயிருந்தால், அதாவது 16 இடத்தில் 14.4 அல்லது அதற்குக் கீழே, ஆறையும் மாற்ற வேண்டும். பளபளப்பான உடலில் ஊசி குத்திய மாதிரி ஆழமான குழிகள் இருந்தால் அளவு குறையாவிட்டாலும் மாற்ற வேண்டும், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். பழுப்புச் சாயம் மட்டும், உடல் வழவழப்பு என்றால் இன்னும் இரண்டு போல்ட்டை உருவிப் பார்த்து முடிவு செய்யலாம். கெட்ட ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்ற ஐந்தை விடுவது சரியில்லை. எல்லாம் ஒரே நாளில், ஒரே கம்பியில் செய்து போட்டவை. ஒன்று போனால் மற்றதும் அதே வழியில்தான் இருக்கிறது.

உங்கள் கசிவையும் மணலில் தட்டியதையும் சேர்த்துப் பார்த்தால், போல்ட் எப்படி இருந்தாலும் கீலை இறக்கி மூட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் புதுப் போல்ட் போட்டால், கணக்கை முதலிலிருந்து தொடங்குகிறோம், அவ்வளவுதான்.

புதுப் போல்ட்டுக்கு என்ன உலோகம்? கோட்டாறு கடைகளில் எஸ்.எஸ். என்று கேட்டால் 304-தான் கையில் வரும். சமையல்பாத்திரத்துக்கும் கேட்டுக்கும் அது போதும், கீலுக்குப் போதாது. 316 வேண்டும், போல்ட் தலையில் ஏ4-70 என்று அடித்திருக்க வேண்டும். ஏ2 என்று இருந்தால் அது 304. நீளம் கிடைக்காமல் கம்பி வாங்கி நாகர்கோவில் லேத்தில் மரை வெட்டுவதானால், 316 என்பதற்கு ஆலைச் சான்றிதழோடு கம்பியைக் கொச்சியிலோ சென்னையிலோ வாங்குங்கள். மரை முடியும் இடத்தில் கத்தி வெட்டு மாதிரி கூர்மையாக விடாமல் சாய்வாக முடிக்கச் சொல்லுங்கள். பழைய போல்ட்டில் புதுத் துண்டை வெல்டு வைத்து நீட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெல்டு சூட்டில் அதன் பக்கத்து உலோகம் அரிப்பைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும், அந்த இடமும் சரியாக மூட்டில் வந்து உட்காரும்.

இரும்புக் கீலுக்கு இன்னொரு வழியும் உண்டு. சூட்டு முலாம் போட்ட கனமான இரும்புப் போல்ட், ஒரு அளவு பெரிதாக. அழகு கிடையாது, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். ஆனால் இரும்பு வெளிப்படையாகத் துருப்பிடித்து, வீங்கி, சத்தம்போட்டுச் சொல்லிவிட்டுப் போகும். எஸ்.எஸ். சொல்லாமல் போகும். ஒழுங்காகப் பார்க்கிறவர் கையில் இரண்டுமே நல்லது. பித்தளை மட்டும் எங்கேயும் வேண்டாம். கடல்தண்ணீரில் அதிலுள்ள துத்தநாகம் கரைந்துபோய், பொறுபொறுவென்று செம்பு மட்டும் மிஞ்சும். வெண்கலம் ஈயக் கீலுக்கு நல்லது, இரும்புக் கீலுக்கு வேண்டாம். இரும்பை அது அரிக்க வைக்கும்.

கீலை இறக்குவது ஒரு நாள் வேலை. ஆறு நட்டையும் எடுத்து, படகைப் பெல்ட்டில் லேசாகத் தூக்கி, மூட்டில் மர ஆப்பு அடித்தால் பழைய பசை மெதுவாக விடும். கம்பி ரம்பத்தை மூட்டில் விட்டு இருவர் இழுத்தும் அறுக்கலாம். கீல் தானாகச் சாயாதபடி இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்திருக்க வேண்டும். அரை டன் இரும்பு காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கை எதையும் மூட்டுக்குள் விடாதீர்கள், ஆப்பைக்கூடக் கம்பியால் தள்ளுங்கள்.

இறக்கிய பிறகு கீலின் மேல்முகத்தைக் கிரைண்டரால் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். இதில் நம் ஊர்க் காற்று ஒரு தொந்தரவு. மதியத்துக்குமேல் கடற்காற்று உப்போடு வரும், சுத்தம் செய்த இரும்பு ஒரு மணி நேரத்தில் மஞ்சளாகிவிடும். காலையில் தொடங்கி, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பத்து மணிக்குள் முதல் கோட் எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். மூன்று கோட்டாவது வேண்டும்.

படகின் அடிப்பக்கம் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி நசுங்கியோ ஈரமாகவோ இருந்தால் அதை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். உங்கள் மேஸ்திரியின் கைத்திறமை உண்மையில் இங்கேதான் வேண்டும். ஒரே ஒரு மாற்றம்: பழைய ஃபைபர்மேல் ஒட்டுவதற்கு பாலியெஸ்டரைவிட எபாக்ஸி ரெசின் நன்றாகப் பிடிக்கும். எபாக்ஸி போடுவதானால் வழக்கமான மேட் (இழைத் துண்டுகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு) வேண்டாம். அதன் பசை பாலியெஸ்டரில்தான் கரையும். நெய்த துணி போடச் சொல்லுங்கள். ஓரத்தைப் படியாக விடாமல் நீளமாகச் சரித்துத் தேய்த்து, ஒரு மில்லி கனத்துக்குப் பன்னிரண்டு மில்லி சரிவாவது இருக்கட்டும்.

பிறகு ஒருமுறை பசையில்லாமல் கீலைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு முகமும் முழுக்கப் பொருந்தாது. கீல்முகத்தில் மெழுகு பூசி, படகின் அடியில் கெட்டியான எபாக்ஸி மாவைத் தடவி, கீலை மேலே அமுக்கி இறுக விட்டு, அடுத்த நாள் பிரித்தால் படகின் அடி அந்தக் கீலுக்கென்றே அச்சு எடுத்த மாதிரி வந்துவிடும். இந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். முகம் பொருந்தாவிட்டால் எடையெல்லாம் இரண்டு மூன்று மேட்டில் நின்று ஆடும், எந்தப் பசையும் தாங்காது.

கடைசி ஒட்டுக்கு பாலியூரித்தேன் சீலன்ட், சிக்காஃப்ளெக்ஸ் மாதிரி, கடல்வேலைக்கென்று எழுதியது. சிலிக்கான் வேண்டாம். பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தில்தான் இறுகும். நம் ஊர் ஈரத்தில் சீக்கிரம் தோல் கட்டிவிடும், அதனால் மூன்று பேர் சேர்ந்து வேகமாகத் தடவ வேண்டும். ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் ஒரு வளையம் தனியாக. தாராளமாகப் போடுங்கள், நாலு பக்கமும் பிதுங்கி வெளியே வர வேண்டும். போல்ட்டின் உடலிலும் மூட்டு வரும் இடத்தில் தடவுங்கள்.

நட்டடியில் சாதாரண வாஷர் போதாது. போல்ட் விட்டத்தைப்போல் நாலு மடங்கு அகலம், கால்பங்கு கனம் என்று 316 தகட்டில் வெட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்கு 64 மில்லி அகலம், 4 மில்லி கனம். நான் 6 மில்லி போடுவேன். மரையில் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, அதற்கென்று உள்ள கிரீஸ் தடவுங்கள். தடவினால் அதே டார்க்கில் (முறுக்கும் விசையில்) போல்ட் அதிகம் இழுபடும் என்பதை மறக்கக் கூடாது. படகு கட்டியவர் கொடுத்த அளவு கிடைத்தால் அது உலர்ந்த மரைக்கா, தடவிய மரைக்கா என்று பார்த்து அதன்படி செய்யுங்கள். கையால் உத்தேசமாக இறுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 150 நியூட்டன் மீட்டர் என்றால் ஒரு மீட்டர் நீளப் பிடியின் நுனியில் ஏறக்குறைய 15 கிலோ தொங்குவது, அவ்வளவுதான். பைப் போட்டு இழுக்கும் ஆள் அதை மூன்று மடங்காக்கிவிடுவார். டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடங்காதீர்கள். லாரிப் பட்டறைகளில் வாடகைக்குக் கேட்டால் கிடைக்கும். நடுவிலிருந்து தொடங்கி முன்னும் பின்னுமாக மாறி மாறி, பாதி, முக்கால், முழுசு என்று மூன்று சுற்று.

சீலன்ட் முழுக்க இறுக ஒரு வாரம் விடுங்கள். பிறகு டார்க் பாருங்கள். தண்ணீரில் இறக்கி, ஒரு நாள் பாயோட்டிவிட்டு வந்து, மறுபடி பாருங்கள். அதற்கு இழுவை சரிபார்ப்பதாக அர்த்தம், கூடுதலாக இறுக்குவதாக இல்லை. ஒரு நட்டு மட்டும் ஒவ்வொரு முறையும் கால் சுற்று உள்ளே போய்க்கொண்டே இருந்தால் அதன் கீழே ஃபைபர் நசுங்குகிறது. நிறுத்திவிட்டு என்னிடம் சொல்லுங்கள்.

கீலின் பக்கத்தில் ஒரு துத்தநாகக் கட்டி பூட்டுங்கள், பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அது வெளி இரும்பைக் காக்கும். மூட்டுக்குள்ளே அதற்கு எட்டாது. அடிக்குழியை எப்போதும் காய்ந்தபடி வையுங்கள், நட்டுகளைத் திறந்தபடி வையுங்கள். புது நட்டு ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டால், பழுப்புச் சொட்டு விழுந்தால் அன்றைக்கே தெரியும். ஐந்து வருஷத்துக்கொருமுறை ஒரு போல்ட்டை உருவுங்கள், ஒவ்வொரு முறையும் வேறு போல்ட்.

இப்போதைக்கு ஹைட்ராவுக்குச் சொல்லிவைத்துவிட்டு, முதல் போல்ட்டை எடுத்ததும் வெர்னியர் வைத்த போட்டோ ஒன்றும், நீளவாக்கில் முழுப் போல்ட் தெரிய ஒன்றும் அனுப்புங்கள். மூட்டு வரும் இடம் எது என்று கயிற்றால் கட்டிக் குறித்திருந்தால் இன்னும் நல்லது. மீதி ஐந்தைப் பற்றி அதைப் பார்த்துச் சொல்கிறேன்.